ஊருக்குத் திரும்பியவன் சொல்கிறேன்

"ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கே போய்விடுங்கள், நிம்மதியாக இருக்கலாம்" என்கிறது ஒரு கட்டுரை. நாங்கள் அப்படித்தான் வந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னைப் புறநகரான முடிச்சூரில் இருந்த எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இனி புறநகரே வேண்டாம் என்று, மன்னார்குடி பக்கம் அப்பா கட்டிய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம்.

2018 நவம்பரில் கஜா புயல். விடிந்து பார்த்தால் கொல்லையில் இருந்த பதினோரு தென்னையில் நின்றது இரண்டுதான். பல நாள் மின்சாரம் இல்லை. ஆனால் அடிபம்பில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவே ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டது. முடிச்சூரில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

சரி, மருத்துவம்? அங்கேதான் பயமாக இருக்கிறது. என் மனைவிக்குச் சர்க்கரை, அதோடு சிறுநீரகக் கோளாறு. பெரிய டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர்தான் போக வேண்டும். காலை 6.40 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. அவள் வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டியவள். ஊர் திரும்ப நினைப்பவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன் பஸ் நேரத்தையும் ஆஸ்பத்திரி தூரத்தையும் தயவுசெய்து விசாரித்துக்கொள்ளுங்கள்.