தென்னாப்பிரிக்காவில் தமிழ் ஆட்சிமொழியா?

"தென்னாப்பிரிக்காவில் தமிழும் ஆட்சிமொழி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஓயாமல் சுற்றுகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. அந்த நாட்டின் 1996 அரசியலமைப்பில் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருப்பது உண்மை. எந்த வரியில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே.

முதல் உட்பிரிவில் இருப்பவை 11 ஆட்சிமொழிகள்: ஜூலு, கோசா, வெண்டா, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என்று போகும். 2023இல் சைகை மொழி சேர்ந்து 12 ஆனது. தமிழ் வருவது 5ஆவது உட்பிரிவில், இந்தி, குஜராத்தி, தெலுங்கு, உருது, ஜெர்மன், கிரேக்கம் எல்லாவற்றோடும். இந்த மொழிகளை வளர்க்க வேண்டும், மதிக்கச் செய்ய வேண்டும் என்று மொழி வாரியத்துக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். டர்பனில் தமிழில் மனு எழுதி நீட்டினால், தமிழில் பதில் தரும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இந்த வரியால் வராது.

சரி, 12க்குள் இடம் பிடித்த மொழிகளாவது நன்றாக இருக்கின்றனவா? 3ஆவது உட்பிரிவைப் பாருங்கள். பயன்பாடு, நடைமுறை வசதி, செலவு எல்லாம் பார்த்து, எந்த ஆட்சிமொழிகளில் வேலை செய்வது என்று அரசே தேர்ந்தெடுக்கலாம். குறைந்தது 2 போதும். 2012இல் வந்த சட்டம், மத்திய அரசுத் துறைகளுக்கு அதை 3 ஆக்கியது. 12இல் 3!

நீதிமன்றம் இன்னும் மோசம். உயர் நீதிமன்றங்களில் பதிவுமொழி ஆங்கிலம் மட்டுமே என்று 2017இல் முடிவானது. சாட்சி வெண்டாவில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனால் எழுத்தில் ஏறுவது மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம். மேல்முறையீட்டில் நீதிபதி புரட்டுவதும் அந்த ஆங்கிலத்தைத்தான். நடுவில் ஒரு சொல் பிசகினால் சாட்சிக்கே தெரியாது.

இதே கண்ணோடு ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளையும் படிக்க வேண்டும். "பணிமொழி", அதாவது அரசு வேலை நடக்கும் மொழி என்ற ஒரே சொல் ஊருக்கு ஊர் எடை மாறும். மாலி 2023இல் 13 உள்நாட்டு மொழிகளை ஆட்சிமொழியாக உயர்த்திவிட்டு, பிரெஞ்சைப் பணிமொழியாக இறக்கியது. கோப்பு ஓடுவதென்னவோ பிரெஞ்சில்தான். எத்தியோப்பியாவிலோ பணிமொழி என்பதுதான் முதல் நாற்காலி: 1995 அரசியலமைப்பு எல்லா மொழிகளும் சமம் என்று சொன்ன கையோடு, மத்திய அரசின் பணிமொழி அம்ஹாரிக் என்றது. ஒரோமோ, திக்ரின்யா, சோமாலி, அஃபார் நான்கையும் அந்த வரிசையில் சேர்க்க அரசு முடிவெடுத்ததே 2020இல்தான்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் பிரிவு 6, உட்பிரிவு 5 என்று மட்டும் எழுதுங்கள். படித்துப் பார்க்கட்டும்.