ஒழுகும் ப்யூரெட்டில் 19.8

மூன்று வருடம் முன்பு நடந்தது. நான் வேதியியல் ஆசிரியர். இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. பிராக்டிகல், பெர்மாங்கனேட் டைட்ரேஷன்: ஒரு கரைசலில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எத்தனை மில்லி செலவானது என்று அளப்பது. பசங்க சாப்பிடப் போனபிறகு லேபை ஒரு சுற்று வந்தேன். ஜன்னலோர மேசையில் ஒரு ப்யூரெட் (மில்லி கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்), அடிக்குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வைத்திருந்த வெள்ளை ஓடு முழுக்க ஊதா. குழாயை இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. காலையிலிருந்தே ஒழுகியிருக்க வேண்டும். பக்கத்தில் அந்த மாணவனின் அப்சர்வேஷன் நோட் திறந்து கிடந்தது. 19.8, 19.8, 19.8. முத்து முத்தான கையெழுத்து. ஒழுகும் ப்யூரெட்டில் மூன்று தடவையும் ஒரே அளவு வர வாய்ப்பில்லை, எங்கிருந்தோ பார்த்து எழுதியது.

திட்ட வாய் வரவில்லை. நானும் அந்த வயதில் இதைச் செய்தவன்தான். ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்க மறந்துவிட்டு பெர்மாங்கனேட்டை விட்டேன். முதல் சொட்டின் நிறம் மறையாமல் அப்படியே நின்றது. பயந்துபோய் எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டிவிட்டு, அடுத்த மேசை ரீடிங்கை எழுதி முழு மார்க் வாங்கினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பாடமே அந்த முதல் சொட்டில்தானே இருந்தது! வினை மெதுவாக ஆரம்பிக்கும், கொஞ்சம் மாங்கனீஸ் அயனி உண்டானதும் அதுவே வினையூக்கியாகி வேகமெடுக்கும். தன்வினையூக்கம் என்று தியரி பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதினேன். அதைக் கண்ணால் பார்த்த அன்று சிங்க்கில் ஊற்றினேன்.

பசங்க ஏன் ஏமாற்றுகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி பேச்சு வரும். என் கருத்து இதுதான்: விடை எனக்கும் தெரியும், சீனியருக்கும் தெரியும், லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று மணி நேரம் நின்றுகொண்டு கண்டுபிடிப்பதாக நடிக்கச் சொல்கிறோம். அவர்கள் நன்றாகவே நடிக்கிறார்கள்.

அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். நீரின் கடினத்தன்மை (அதில் கரைந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு) பிராக்டிகலுக்கு நான் சாம்பிள் தருவதை நிறுத்திவிட்டேன். அவரவர் வீட்டிலிருந்து அரை லிட்டர் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பிடிக்கும் முன் அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். போர் தண்ணீர், கிணறு, பஞ்சாயத்துக் குழாய், கேன் தண்ணீர் என்று மேசை நிறைந்துவிட்டது.

செலவு ஒன்றும் பெரிதில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் உப்பு டைசோடியம் ஈடிடிஏ. ஒரு லிட்டருக்கு 3.72 கிராம் போட்டால் 0.01 மோலார் செறிவு. இதில் 1 மில்லி, 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 50 மில்லி தண்ணீருக்கு 20 மில்லி செலவானால் லிட்டருக்கு 400 மில்லிகிராம். ஃபார்முலாவே வேண்டாம், மனக்கணக்கு போதும். அம்மோனியா பஃபர் ஊற்றி பிஎச் 10-இல் வைத்து, நிறம் காட்டும் இன்டிகேட்டர் எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை. 'ஒயின் ரெட்' இலிருந்து 'ஸ்டீல் ப்ளூ' வரும் என்று மேனுவல் சொல்லும். எங்கள் பசங்களில் எத்தனை பேர் ஒயினைப் பார்த்திருக்கிறார்கள்? (பார்த்தவர்களும் வகுப்பில் சொல்ல மாட்டார்கள்.) பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் ஆரம்பிக்கும், நாவல்பழச் சாறு வந்தால் கையை மெதுவாக்கு, சொட்டு நீலம் வந்ததும் நிறுத்து என்கிறேன். அதற்குப் பிறகு யாரும் எண்ட் பாயின்ட்டைத் தாண்டிப் போவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், முன்பைவிடக் குறைவு.

கேன் தண்ணீர் கொண்டுவந்த பையன் ஓடிவந்தான். "சார், நான் ஏதோ தப்பாப் போட்டுட்டேன். இன்டிகேட்டர் போட்டதுமே நீலமா இருக்கு." மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் நீலம். மூன்றாவது தடவை அவனே மெதுவாகக் கேட்டான்: "சார், அப்போ இதுல ஒண்ணுமே இல்லையா?" பக்கத்து மேசைப் பெண்ணுக்கு ஈடிடிஏ போய்க்கொண்டே இருந்தது. கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500-இன்படி 200 வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை. அவள் அதற்குக் கவலைப்படவில்லை. "அதான் சார் எங்க வீட்டுல பருப்பு வேகமாட்டேங்குது" என்றாள். அன்றைக்கு யாரும் யாருடைய ரீடிங்கையும் காப்பியடிக்கவில்லை. அடிக்க வழியில்லை.

தியரி வகுப்பு தனிக் கதை. ஒருநாள் முதலாம் ஆண்டில் கேட்டேன்: தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? கையைத் தூக்கச் சொன்னால் பாதி வகுப்பு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றது. சிலர் காற்று. நீராவி என்றவர்கள் சிறுபான்மை. நான் விடை சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் சண்டை போடுங்கள் என்று விட்டுவிட்டேன். ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களில் இருந்தே செய்துவரும் வழி இது, என் சரக்கல்ல. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "ஹைட்ரஜன் வந்தா, கேஸ் அடுப்புல வெந்நீர் வைக்கிற வீடெல்லாம் வெடிச்சிருக்கணுமே?" வகுப்பே அமைதி. அப்புறம் மறுபடி கையைத் தூக்கச் சொன்னேன், பெரும்பாலும் நீராவி.

இத்தனைக்கும் அவர்கள் எல்லோரும் சமன்பாட்டைச் சரியாகச் சமன்செய்யத் தெரிந்தவர்கள். கிளாஸ்கோவில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் இதை ஒரு முக்கோணமாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரிவது ஒரு மூலை, மூலக்கூறுகள் செய்வது ஒரு மூலை, போர்டில் எழுதும் குறியீடு ஒரு மூலை. நாம் மூன்றுக்கும் நடுவே தாவிக்கொண்டே பேசுகிறோம். பழகிவிட்டதால் தாவுவதே நமக்குத் தெரிவதில்லை. பசங்க குறியீட்டு மூலையிலேயே தங்கிவிடுகிறார்கள், மார்க் அங்கேதான் கிடைக்கிறது.

நம் மொழியும் இங்கே ஒரு வேலை செய்கிறது. சர்க்கரை தண்ணீரில் கரைஞ்சிடுச்சு, ஐஸ் கரைஞ்சிடுச்சு, டப்பாவில் வைத்த கற்பூரம் கரைஞ்சிடுச்சு என்று மூன்றுக்கும் வீட்டில் ஒரே சொல்தான். கரைதல், உருகுதல், பதங்கமாதல் (திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவது) மூன்றையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், மனசுக்குள் மூன்றும் 'கரைஞ்சிடுச்சு' தான். நான் இப்போது அந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கற்பூரம் எதில் கரைந்தது? ஐஸ் எதில் கரைந்தது? பத்து நிமிடத்தில் அவர்களே மூன்றாகப் பிரித்துவிடுகிறார்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதட்டும், யோசிப்பதைத் தமிழில் செய்ய விட்டால் என்ன குறைந்துவிடும்?

"இதெல்லாம் சரி, சிலபஸை யார் முடிப்பது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஒவ்வொரு யூனிட்டிலும் டிக்டேட் செய்த நோட்ஸை நிறுத்திவிட்டேன், பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அந்த நேரம்தான் இதற்குப் போகிறது. யுனிவர்சிட்டி தேர்வு மார்க் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பல்கலைக்கழக பிராக்டிகல் தேர்வில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வந்து பழைய சாம்பிளைத்தான் தருவார், அதில் என் கை நீளாது. இன்டர்னல் மார்க்கை மட்டும் மாற்றினேன். ரீடிங் சரியா என்பதற்குப் பாதி, ரீடிங் ஏன் இப்படி வந்தது என்று எழுதுவதற்குப் பாதி. ப்யூரெட் ஒழுகியது என்று எழுதினால் மார்க் உண்டு.

அடுத்த மாதம் நெல்லிக்காய்ச் சாற்றில் வைட்டமின் சி. அயோடின் டைட்ரேஷன், ஸ்டார்ச் இன்டிகேட்டர். புதுக்காய், ஊறுகாய், வெயிலில் காயவைத்த வற்றல், மூன்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஊறுகாயின் மிளகாய்ச் சிவப்பில் நீலம் எப்படித் தெரியப் போகிறதோ. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.