‘இல்லை’ என்ற பதிலையும் கேஷில் வையுங்கள்

ஸ்ட்ரீம் புராசஸிங் (வந்துகொண்டே இருக்கும் தகவலை உடனுக்குடன் கையாளும் நிரல்) எழுதும் தம்பி தங்கைகளுக்காக இந்தப் பதிவு. டேட்டாபேஸில் தேடிக் கிடைத்ததை எல்லோரும் கேஷ் செய்கிறார்கள், அதாவது மறுபடி தேடாமல் இருக்க மெமரியில் வைத்துக்கொள்கிறார்கள். தேடியும் கிடைக்காததை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

நம் பக்கத்துப் படகுகளையே எடுத்துக்கொள்வோம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகளின் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தை அனுப்பும் கருவி) தகவல் காஃப்கா என்ற தகவல் வரிசைக்கு வருகிறது, ஒவ்வொன்றோடும் உரிமையாளர் விவரத்தைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரம் ஏறிய படகு என்றால் ஒரு தடவை தேடினால் போதும், அப்புறம் கேஷே பார்த்துக்கொள்ளும். கருவி மாட்டி விவரம் இன்னும் ஏறாத படகு? அது கடலில் இருக்கும் நேரம் முழுக்க, தகவலுக்கு ஒரு தேடல். அத்தனைக்கும் அதே ‘இல்லை’.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்ததும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கரையில் கிடந்த படகுகள் மராமத்து முடிந்து ஒன்றாகத் தொழிலுக்குக் கிளம்பும். கருவி மாற்றி, புது எண்ணுக்கு விவரம் ஏறாதவையும் அதில் இருக்கும். கேஷோ காலி. டேட்டாபேஸ் திணறாமல் என்ன செய்யும்?

இது புதுச் சரக்கும் இல்லை. இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதைச் சேமிக்கும் முறையை 1998-லேயே ஆர்எஃப்சி 2308 என்ற இணைய விதிமுறை ஆவணம் எழுதி வைத்துவிட்டது. ஸ்ட்ரீம் புராசஸிங் கருவியான ஃபிளிங்கின் ஜேடிபிசி லுக்கப்பில் (டேட்டாபேஸ் தேடலில்) பார்ஷியல் கேஷை (தேடியதை மட்டும் வைக்கும் கேஷை) இயக்கினால், கிடைக்காத கீயும் (தேடிய எண்ணும்) டிஃபால்ட்டாகச் சேமிக்கப்படும். நாமே கேஃபீன் என்ற ஜாவா கேஷ் லைப்ரரியை வைத்து எழுதும்போதுதான் கவனம் வேண்டும்: லோடர் (தேடி எடுத்துவரும் ஃபங்ஷன்) நல் (வெற்று மதிப்பு) திருப்பினால் எதுவும் சேமிக்கப்படாது, அடுத்த தகவலுக்கு மறுபடி தேடும். பதிலை ஆப்ஷனலில் (காலியாகவும் இருக்கக்கூடிய உறையில்) பொதிந்து வையுங்கள்.

‘இல்லை’க்கு ஆயுள் குறைவாக இருக்கட்டும். உரிமையாளர் விவரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் இதற்கு ஓரிரு நிமிடம். இல்லாவிட்டால் விவரம் ஏறிய பிறகும் படகு பெயரில்லாமல் சுற்றும்.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். டேட்டாபேஸ் டைம்அவுட் ஆனதையும் (நேரத்துக்குள் பதில் தராததையும்) கேட்ச் பிளாக்கில் (பிழையைக் கையாளும் பகுதியில்) பிடித்து ‘இல்லை’ என்று சேமிக்கிறார்கள். தேடிப் பார்த்து இல்லை என்பது வேறு, தேடவே முடியவில்லை என்பது வேறு. முறையாகப் பதிவான படகு, சர்வதேச எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் நேரத்தில், திரையில் அடையாளம் தெரியாத படகாகத் தெரிந்தால்? அதில் போனவர்களின் வீட்டில் காத்திருப்பது நம் சொந்தபந்தம். தோல்வியைச் சேமிக்காதீர்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முயலுங்கள்.

அப்புறம், கேஷுக்கு அளவு வரம்பு கட்டாயம் வையுங்கள். இருக்கும் படகுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. பழுதான கருவி அனுப்பும் தப்பான எண்களுக்குக் கணக்கே கிடையாது, வரம்பில்லாவிட்டால் மெமரியை அவை நிரப்பிவிடும். கருவி எண்ணை வைத்து ஸ்ட்ரீமைப் பிரித்தால் ஒரு படகின் தகவல் எப்போதும் ஒரே டாஸ்க்குக்குப் (இணையாக ஓடும் நிரல் பிரதிகளில் ஒன்றுக்கு) போகும், எட்டு டாஸ்க் ஓடினாலும் எட்டும் தனித்தனியாகத் தேடாது.