வாக்குத்தத்த அட்டையில் இல்லாத வசனங்கள்

எங்கள் சபையில் ஒரு பிள்ளை பட்டப்படிப்பை முடித்துவிட்டு எம்.டிவ். (இறையியல் முதுநிலைப் படிப்பு) படிக்கப் போகிறேன் என்கிறாள். பரிந்துரைக் கடிதம் கொடுக்கக் கமிட்டி தயங்குகிறது. "ரொம்பப் படிச்சா விசுவாசம் குறைஞ்சிரும்" என்றார் ஒரு மூப்பர். "பைபிளை வாசிக்கத் தெரிஞ்சா போதாதா, அதுக்கு மூணு வருஷமா?" என்றார் இன்னொருவர். இருவரும் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்த்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை குறையாது. ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. இரங்கூன் இன்செயினில் உள்ள செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், இதே படிப்பைப் படித்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். இரங்கூன் தமிழ்ச் சபைக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

மூப்பரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். செமினரியில் முதல் வருடமே சில விஷயங்கள் காதில் விழும். மாற்கு 16ஆம் அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. ஏசாயா 40ஆம் அதிகாரத்திலிருந்து பேசுகிற குரல் பாபிலோன் சிறையிருப்புக் காலத்துக் குரல் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். பெர்சிய ராஜா கோரேசின் பெயரே அங்கே வருகிறது. ஞாயிறு பள்ளியிலிருந்து நேராக அங்கே போன பிள்ளைக்கு இது கலக்கமாகத்தான் இருக்கும். கூடப் படித்த சின் இனத்து இளைஞர் ஒருவர் அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் அந்தக் கலக்கம் முடிவல்ல. இந்தப் புத்தகத்தை எத்தனை தலைமுறை மனிதர்கள் கையால் எழுதி, யுத்தத்திலும் சிறையிலும் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று தெரியத் தெரிய, வேதத்தைக் கையில் எடுக்கும்போது எனக்குப் பயபக்தி கூடியது. நம் நாட்டிலேயே அமெரிக்க மிஷனரி ஜட்சன் பட்டது எல்லாருக்கும் தெரியும். 1813இல் இரங்கூனில் வந்து இறங்கினார். எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் வைத்துக்கொண்டு பர்மிய வேதாகமத்தை 1834இல் முடித்தார். நடுவில் ஆவா சிறையில் கால்விலங்கோடு கிடந்தபோது, கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் தைத்து வைத்துத்தான் காப்பாற்றினார்கள். விசுவாசம் குறைந்தவர் செய்கிற வேலையா அது?

இப்போது நமக்கு நெருக்கமான ஒரு வசனத்தை எடுத்துக்கொள்கிறேன்.

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் ஆளுக்கொரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதில் எரேமியா 29:11 யாருக்கு வந்தாலும் முகம் மலர்ந்துவிடும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நம் வீடுகளில் பாதி வீட்டுச் சுவரில் இது தொங்குகிறது. விசா கிடைக்கும், வேலை கிடைக்கும், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் என்று அதை அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்கிறோம். அதில் ஆறுதல் பெற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் அந்த அட்டையை வைத்துக்கொண்டுதான் பல கஷ்டங்களைத் தாண்டினார்.

ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. எருசலேமிலிருந்து எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து நின்று, இன்னும் இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று முழங்குகிறான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதுதான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அந்த எழுபது, நாம் நேசிக்கிற 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே இருக்கிறது. அப்படியென்றால் கடிதத்தை முதலில் வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் யாரும் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களைப் பார்த்துத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். 7ஆம் வசனத்தில் அதற்கும் மேலே போய், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் சமாதானம் இருக்கும் என்கிறார்.

இரங்கூன் தமிழனுக்கு இதைவிட நேராக எழுதிய கடிதம் வேதத்தில் வேறு இருக்கிறதா? நம் தாத்தா காலத்தில் எல்லாரும் இன்னும் இரண்டு வருஷம், பிறகு ஊருக்குப் போய்விடலாம் என்றே இருந்தார்கள். ஜப்பான் குண்டு விழுந்து 1942இல் லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியா போனார்கள், வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1962க்குப் பிறகு கடைகள் அரசுடைமையானதும் இன்னொரு கூட்டம் கப்பலேறியது. மீதி இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். போனவர்கள் ஒருபக்கம் அழுகிறார்கள், இருந்தவர்கள் ஒருபக்கம் அழுகிறோம். இந்த நிலைக்குப் பெயரும் வழியும் சொல்கிற கடிதம் கையில் இருக்க, அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறோம். கடிதம் முழுவதையும் எனக்குக் காட்டியது எக்ஸிஜீசிஸ் வகுப்பு. யார் எழுதினார், யாருக்கு, எப்போது, முன்னே என்ன, பின்னே என்ன என்று கேட்கப் பழக்கும் வகுப்பு அது. மூணு வருஷம் எதற்கு என்று கேட்டீர்களே அண்ணே, இதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது மனதில் ஆறாமல் கிடக்கிறது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம், மாந்தலையும் சகாய்ங்கும் இடிந்து விழுந்தன. 7.7 அளவு நிலநடுக்கம். ஜும்மா தொழுகை நேரம் என்பதால் பள்ளிவாசல்களுக்குள்ளேயே நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரு மடாலயத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் இடிபாட்டில் புதைந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரசங்கத்தில், இது கர்த்தருடைய நியாயத்தீர்ப்பு, தொழுதுகொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தது பார்த்தீர்களா என்று சொல்லப்பட்டதை என் காதால் கேட்டேன். பலர் ஆமென் சொன்னார்கள்.

லூக்கா 13ஐத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் இருக்கிற மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். அதே மூச்சில் மனந்திரும்புங்கள் என்கிறார், உண்மை. ஆனால் அதை உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்துச் சொல்கிறார். செத்தவர்கள் மேல் தீர்ப்பு எழுத மறுத்துவிடுகிறார். எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பிறகு காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் அவர்கள் மேல் கோபப்படுகிறார். அந்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்றவருக்கு இந்த இரண்டு பகுதியும் மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். அவற்றை அந்த வாரத்துக்குக் கொண்டுவந்து வாசிக்கிற பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்து முஸ்லிம் வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது நம் பீடத்திலிருந்து என்ன வார்த்தை போகவேண்டும் என்பது சின்ன விஷயமா? தவறான வார்த்தை போனால் அது காயம்பட்ட மனிதர் மேல் விழும்.

மற்ற சபைகள் இதை என்றைக்கோ புரிந்துகொண்டுவிட்டன. கரேன் சபைகளின் செமினரி 1845இலேயே மோல்மேனில் தொடங்கியது. நான் படித்த காலத்தில் வகுப்பில் சின், கச்சின், கரேன் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்குச் சபையே பணம் கட்டும், ஊரே ஜெபம் பண்ணி அனுப்பும். 1966இல் வெளிநாட்டு மிஷனரிகள் எல்லாரையும் அரசாங்கம் வெளியேற்றியபோது, அந்தச் சபைகள் நிற்க முடிந்ததற்கு அவர்களிடம் படித்த சயாக்கள் (போதகர்கள்) இருந்தது ஒரு பெரிய காரணம். கச்சின் பிள்ளை தன் ஜனத்தின் கண்ணீரை வைத்து யாத்திராகமத்தைப் பற்றி ஆய்வு எழுதுகிறாள். 1942 நடைபயணத்தை வைத்து, தோட்டிகளாகவும் மூட்டை தூக்கிகளாகவும் இங்கே வந்து, சாதியையும் கூடவே கொண்டுவந்த நம் சனத்தை வைத்து வேதத்தைப் படித்து எழுத நம்மில் ஒருவர் வேண்டாமா?

மதுரை அரசரடி செமினரிக்கோ சென்னை குருகுலம் இறையியல் கல்லூரிக்கோ அனுப்பலாமே, அரசரடியில் தமிழிலேயே படிக்கலாமே என்பவர்களுக்கு: நல்ல இடங்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024இல் அமலுக்கு வந்த பிறகு இளையவர்கள் வெளியே போவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். போனவர்கள் திரும்புவதும் அரிது. இந்தப் பிள்ளை இங்கேயே இருந்து படிக்கிறேன் என்கிறாள். இந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிற பிள்ளையை நாம் கையெடுத்துக் கும்பிடவேண்டும்.

பெண்பிள்ளை என்பதால் தயக்கம் என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். அப்பொல்லோ என்கிற பிரசங்கியைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்த் திருத்தமாகப் போதித்ததில் பிரிஸ்கில்லாள் என்கிற பெண்ணுக்கும் பங்கு இருக்கிறது என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. தென்னிந்தியத் திருச்சபை பல வருஷங்களாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்துவருகிறது.

கமிட்டிப் பெரியவர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். வருகிற கூட்டத்தில் அந்தப் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். இந்த வருஷ அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கை அவள் முதல் வருடக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். பந்தலுக்கும் பிரியாணிக்கும் குறைந்தால் அதை நாங்கள் இளைஞர் ஐக்கியத்தில் வசூல் பண்ணிக் கொடுத்துவிடுகிறோம். எபிரெய இலக்கணத்தில் அவளுக்கு உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலம் நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் இருக்கிற அகராதியும் விளக்கவுரைகளும் இனி அவளுடையவை.