மெட்ஃபார்மின் மீது சுமத்தப்படும் பழி

என் அத்தை எட்டு மாதங்களாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவைத்திருந்தார் என்பது, காலில் ஆறாத புண்ணோடு அவரை மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கேட்டதற்கு, "வருசக்கணக்கா போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே கண்ணு" என்றார். அவர் நிறுத்தியது மெட்ஃபார்மின் 500.

இந்த அச்சத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. மெட்ஃபார்மின் உடலுக்குள் சிதைவதில்லை. உட்கொண்ட வடிவிலேயே சிறுநீரகங்கள் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகங்கள் பெரிதும் பழுதடைந்தவர்களின் உடலில் அது தேங்கி, அரிதாக இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுந்துவிடக்கூடும் என்பதால், சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும் திறன் (eGFR) நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியவர்களுக்கு மருத்துவர்கள் அதை நிறுத்திவிடுகிறார்கள். அதைக் காணும் உறவினர்கள், மாத்திரையால்தான் சிறுநீரகம் கெட்டது என்று காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். உண்மையில் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அரிப்பது, ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வராத சர்க்கரைதான்.

பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் மெட்ஃபார்மினின் பயனை வெளியிட்டார். இதன் உறவு மருந்தான ஃபென்ஃபார்மின், லாக்டிக் அமிலச் சிக்கலால் 1970களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டபோது, அந்தப் பழியில் ஒரு பங்கு இதன் மீதும் விழுந்தது. அமெரிக்கா 1994இல்தான் இதற்கு அனுமதி அளித்தது. 1998இல் வெளியான பிரிட்டனின் நீண்டகால ஆய்வோ, உடற்பருமன் கொண்ட நீரிழிவு நோயாளிகளிடம் இது மாரடைப்பையும் இறப்பையும் குறைத்ததைக் காட்டியது.

குறைகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். சாப்பாட்டோடு சேர்த்து உட்கொண்டால் பெரும்பாலும் தணியும். பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். இவற்றுக்குப் பரிசோதனையும் தீர்வும் உண்டு.

என்னை வருத்துவது, எல்லாவற்றையும் 'சர்க்கரை மாத்திரை' என்ற ஒரே பெயரில் கொடுத்தனுப்பும் வழக்கம். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதைக் குறைப்பதால், தனியாக எடுக்கும்போது தாழ்சர்க்கரை வருவது அரிது. இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவது; அதைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் மயங்கி விழ நேரிடும். இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றோடு இந்த விளக்கமும் வர வேண்டும் என்று கேட்கிறேன்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில், அத்தையின் கிரியேட்டினின் அளவு சரியாகவே இருந்தது. அந்தச் சீட்டை அவர் கையில் கொடுத்து மருத்துவர் விளக்கிய பிறகு, புண் ஆறியதும் மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார்.