எங்கள் சபையின் ஏழு புத்தகங்களும் கிலோ 14 ரூபாயும்

போன ஞாயிறு ஆராதனையில் நடந்தது இந்நேரம் உங்களில் பாதிப்பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையும் திரும்பச் சொல்லவில்லை. திரையில் ஏழு புத்தகங்களின் அட்டைப்படம், கீழே ஒரு கியூஆர் கோடு, மேலே "லெந்து நாட்களில் ஒவ்வொரு விசுவாசியும் வாசிக்க வேண்டியவை" என்று தலைப்பு. லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். "நம் சபை வாசிக்கிற சபையாக மாற வேண்டும்" என்று அறிவிப்பு வாசித்தவர் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் கோயில் வெஸ்ட்ரி (போதகர் அங்கி மாற்றுகிற அறை) பக்கத்து அறையில் இருந்த புத்தக அலமாரியைக் காலி செய்து பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தார்கள். கிலோ 14 ரூபாய். எடை போட்டவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சவுண்ட் மிக்ஸர் வைக்க இடம் வேண்டுமாம். வைக்கட்டும், எனக்கு மிக்ஸர் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை புத்தகத்தை எடைக்குப் போட்ட அதே கைகள் ஞாயிற்றுக்கிழமை என்னை வாசிக்கச் சொல்கின்றனவே, அது எப்படி?

லிஸ்ட் யார் வேண்டுமானாலும் போடலாம். கூட உட்கார்ந்து வாசிக்க ஆள் எங்கே? இந்தப் பதிவு முழுக்க இதை ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன். வேறு எதையாவது எழுதினாலும் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம் ஓய்வுநாள் பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா வாசித்துக்கொண்டு போகிறார். "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று பிலிப்பு கேட்கிறார். ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறார் மந்திரி. பிலிப்பு என்ன செய்தார்? ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் நாலு சுருள் பெயரைச் சொல்லி வாங்கிப் படியும் என்று அனுப்பிவிடவில்லை.

எங்கள் சபையிலும் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மனுஷி இருந்தார். என் அப்பாவின் அக்கா. ஆரம்பப் பள்ளி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1983-லிருந்து 2016 வரை அந்த அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் அறையைத் திறந்து வைப்பார். வாரம் மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் என்று சொந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, மெட்ராஸ் போகிற யாரிடமாவது கொடுத்து, பார்க் டவுன் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்துக் கடையிலிருந்து புத்தகம் வாங்கிவரச் சொல்வார். பிரவுன் பேப்பர் அட்டை, முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி நம்பர், மூலைக்கு மூலை அந்துருண்டை. அந்த வாசனை இப்போதும் எனக்கு வரும்.

அத்தை புத்தகம் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து உட்காருவார்கள். எல்லார் மடியிலும் சொளகு, சொளகில் இலையும் தூளும். பீடி சுற்றுகிற கை நிற்காது. அன்றைக்கு ஆயிரம் முடித்தால்தான் கம்பெனிக்குக் கொண்டுபோக முடியும். அத்தை நடுவில் உட்கார்ந்து மோட்சப் பிரயாணம் சத்தமாக வாசிப்பார். கத்தரிக்கோல் இலையை நறுக்குகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். கதாநாயகன் கிறிஸ்தியான் நம்பிக்கையிழவு உளை என்கிற சேற்றில் விழுகிற இடம் வந்ததும் கத்தரிச் சத்தம் அப்படியே நின்றுபோகும். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அத்தை முகத்தையே பார்ப்பார்கள். "பெறவு என்னாச்சு டீச்சரம்மா, எந்திச்சானா?" என்று ஒருவர் கேட்பார். அத்தை உடனே சொல்லமாட்டார். சுற்று, சுற்று, கை நிக்கப்படாது என்பார். திரும்பக் கத்தரிச் சத்தம் தொடங்கிய பிறகுதான் அடுத்த வரி.

ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட புத்தகம் அது. சிறையில் கிடந்த நாட்களில் எழுத ஆரம்பித்தது. பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு திண்ணையில் பீடி சுற்றுகிற பெண்கள் அதற்குக் கண்ணீர் விட்டார்கள் என்றால், நடுவில் ஒருவர் உட்கார்ந்து வாசித்ததால்தான். அதே கதையைக் கம்பன் நடையில் பாட்டாகப் பாடியவர் நம் கரையிருப்புக்காரர் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. இரட்சணிய யாத்திரிகம், மூவாயிரத்து எழுநூறு பாட்டுக்கு மேல். நற்போதகம் பத்திரிகையில் வருஷக்கணக்காகத் தொடராக வந்து 1894-ல் புத்தகமானது. யோசித்துப் பாருங்கள். ஒரு திருச்சபைப் பத்திரிகை மாதாமாதம் காவியம் போட்டிருக்கிறது, நம் தாத்தா பாட்டிமார் காத்திருந்து வாசித்திருக்கிறார்கள். நாம் இன்றைக்கும் "சத்தாய் நிஷ்களமாய்" பாடுகிறோமே, அதுவும் அவர் எழுதியதுதான். பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அலமாரியில் இரட்சணிய யாத்திரிகம் இரண்டு பிரதி இருந்தது. நற்போதகம் பைண்டு செய்த வால்யூம்கள் ஒரு தட்டு முழுக்க. சுற்றுவட்டார சபைகளின் நூற்றாண்டு மலர்கள். பெத்லகேம் குறவஞ்சி. எல்லாம் லோடு ஏறிப் போய்விட்டது.

இப்போது போட்டிருக்கிற ஏழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழும் மொழிபெயர்ப்பு. ஏழும் வெளிநாட்டுப் பிரசங்கியார்கள் எழுதியவை. நாலு புத்தகம் ஜெயிப்பது எப்படி, இரண்டு தலைவனாவது எப்படி, ஒன்று பணத்தில் ஆசீர்வாதம் பெறுவது எப்படி. லெந்து காலத்துக்கு! சிலுவைப்பாட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. தமிழில் எழுதிய ஒருவரும் இல்லை. ஒரு பெண் எழுதியதும் இல்லை. நம் மாவட்டத்து டோனாவூரில் அரை நூற்றாண்டு வாழ்ந்து அங்கேயே அடக்கமான மிஷனரி ஏமி கார்மைக்கேல் அத்தனை புத்தகம் எழுதினாரே, அவருக்குக்கூட அந்தத் திரையில் இடம் இல்லை. மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பனியனே மொழிபெயர்ப்பில்தான் எங்கள் திண்ணைக்கு வந்தார். ஆனால் இந்த ஏழையும் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவராவது முழுசாக வாசித்தாரா? அதை மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

விலையையும் பார்த்தேன். ஏழும் சேர்த்து ரெண்டாயிரத்துக்கு மேல். முன்வரிசைக்கு அது பெரிய தொகையாக இருக்காது. பின்னால் தூணோரம் உட்காருகிறவர்களிடம் கியூஆர் கோடு பிடிக்கிற போனே இல்லை. அலமாரியில் ஒரு காசு கொடுக்காமல் வாசித்தவர்கள் அவர்கள்தான்.

"வேதாகமம் ஒன்று போதும், மற்றப் புத்தகம் எதற்கு" என்று ஒரு தம்பி கமென்டில் எழுதியிருக்கிறார். தம்பி, 2 தீமோத்தேயு 4:13 எடுத்துப் பாருங்கள். பவுல் சிறையில் இருக்கிறார், சாவு பக்கத்தில் வந்துவிட்டது. துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்று எழுதுகிறார். குளிருக்கு அங்கி கேட்கிற அதே வாக்கியத்தில் புத்தகமும் கேட்கிறார். அந்த வேதாகமமும் வானத்திலிருந்து கட்டுக்கட்டாக நம் கையில் விழவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு சின்னப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார், 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி இரேனியஸ் ஐயர் சபை உண்டான ஊர்கள் பலவற்றில் பள்ளிக்கூடமும் வைத்தார். நம் பக்கத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே காம்பவுண்டில் நிற்பதற்கு அதுதான் காரணம். எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லித்தான் இந்தச் சபைகளே உண்டாயின.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே வாசிக்குது" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வாசிக்கமாட்டார்கள் என்றால் ஏழு புத்தகம் யாருக்காகப் போட்டீர்கள்?

"கரையான் அரித்துவிட்டது" என்கிறார்கள். கீழ்த்தட்டில் அரித்திருந்தது, உண்மை. மேலே மூன்று தட்டு நன்றாக இருந்தது, அதுவும் உண்மை.

"2016-க்குப் பிறகு நீ எத்தனை தடவை அந்த அலமாரியைத் திறந்தாய்?" இதைக் கேட்டவர் எனக்கு வேண்டிய அண்ணன். இதுதான் என்னை உள்ளே அறுக்கிறது. திறக்கவில்லை அண்ணே. அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த வருஷம் அது. சாவியைக் கமிட்டியில் ஒப்படைத்தோம். இரண்டு தடவை கேட்டேன், சாவி இன்னார் வீட்டில் இருக்கிறது என்றார்கள். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம், வீடு, அத்தைக்கு மருந்து என்று விட்டுவிட்டேன். தப்புத்தான். ஆனால் நான் கேட்காமல் விட்டதற்கு, நீங்கள் கேட்காமல் விற்றது சரியாகிவிடுமா? எடுக்கப் போகிறோம் என்று ஒரு போன் செய்திருந்தால் ஆட்டோ பிடித்து அத்தனையையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேனே! எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட இடம் இருந்ததே!

"கமிட்டியில் பேசவேண்டியதை முகநூலில் ஏன் எழுதுகிறாய், புறஜாதியார் சிரிக்கமாட்டார்களா?" அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ரசீது புத்தகத்தோடு வரும்போது எங்கள் வீட்டு நம்பர் உங்களுக்குத் தெரிகிறது. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அரிசி கேட்க வரும்போது தெரிகிறது. இதற்கு மட்டும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விஷயம் தெரிந்ததும் கமிட்டியில் இருக்கிற ஒருவருக்கு நான்தான் போன் செய்தேன். "அதெல்லாம் குப்பைம்மா, யார் கேக்கப் போறா" என்றார். குப்பை. முப்பத்துமூன்று வருஷம். ஒரு பிரதிஷ்டைப் பண்டிகையிலாவது அத்தைக்கு ஒரு சால்வை போட்டிருக்கிறீர்களா? மைக் ஸ்டாண்ட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் ஸ்டாண்டிலேயே எழுதியிருக்கிறது. அலமாரியில் அத்தை பெயர் எங்கும் இல்லை, அவர் எழுதவும் விடமாட்டார்.

சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். லோடு வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டது. கடைக்காரர் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தார். அத்தையின் பதிவு நோட்டு. பின்பக்கம் கொஞ்சம் தாள் வெறுமையாக இருந்ததால் கடைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டாராம். இரண்டு நாள் கணக்கு எழுதியும்விட்டார். "கோயில் சாமான்னு சொல்லலியேக்கா" என்று அந்தத் தாள்களை மட்டும் கிழித்துக்கொண்டு கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் நம் சபைக்காரர் இல்லை.

பேர், புத்தகம், கொண்டுபோன தேதி, திருப்பித் தந்த தேதி, கையெழுத்து. கோணல் இல்லாமல் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. 1991-ல் ஒரு வரிக்கு நேராகக் கையெழுத்து இடத்தில் ஊதா மையில் பெருவிரல் ரேகை. திண்ணைக்கு வருகிறவர்களில் ஒருவர், மகளை வாசித்துக் காட்டச் சொல்லி வாங்கிப் போயிருக்கிறார். அடுத்த வருஷமும் ரேகைதான். 1993 ஆகஸ்டில் அதே பெயருக்கு நேராக எழுத்து. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் சிவப்புப் பேனாவில் அத்தை சின்னதாக "ஸ்தோத்திரம்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மா இப்போது இல்லை. வியாழக்கிழமை அலமாரியைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தவர் அவருடைய மகன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் பக்கத்தை அவர் பார்த்திருந்தால் பிடித்திருக்கமாட்டார்.

அத்தைக்கு இப்போது 84 வயது. மாதம் ஒருமுறை போதகர் ஐயா வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போகிறார், அதற்கு நன்றி உள்ளவளாக இருக்கிறேன். காது மந்தம், நேற்று நடந்தது மறந்துபோகும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆராதனை முடிந்து வந்ததும் கேட்கிற கேள்வி மறப்பதில்லை. "அந்துருண்டை மாத்துனாங்களாட்டி?"

போன ஞாயிறும் கேட்டார். மாத்தியாச்சு அத்தை என்றேன். லெந்து காலத்தில், ஆராதனை முடிந்து வந்த வாயால், பொய் சொன்னேன்.

நாளைக்கு மறுபடியும் ஞாயிறு. என்னால் இன்னொரு தடவை அதைச் சொல்ல முடியாது. லிஸ்ட் போட்ட கமிட்டியிலிருந்து யாராவது ஒருவர் வந்து அத்தையிடம் சொல்லுங்கள். மத்தியானம் தூங்குவார், நாலு மணிக்கு மேல் முழித்திருப்பார். கொஞ்சம் சத்தமாகப் பேசவேண்டும்.