அனனியாவின் குற்றம் பணத்தைக் குறைத்தது அல்ல

அண்ணா, சேமநிதிப் பணம் எடுத்தவர்கள் தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கு காணிக்கையை) முழுசாகக் கொடுக்காவிட்டால், பைபிளில் திடீரென்று செத்து விழுந்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதிதான் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தசமபாகம் என்ற பேச்சே அங்கு இல்லை.

நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மட்டும் கொண்டுவந்த அனனியாவிடம், 4ஆம் வசனத்தில் அப்போஸ்தலரான பேதுரு கேட்பது என்ன? விற்பதற்கு முன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்கிறார். அதாவது பாதியை வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இருந்தது. ஒன்றுமே கொடுக்காமலும் இருந்திருக்கலாம். கொஞ்சத்தை ஒளித்துவிட்டு, எல்லாம் இதுதான் என்று காட்டியதுதான் குற்றம். முந்தின அதிகாரத்தில் பர்னபா என்ற விசுவாசி நிலத்தை விற்று முழுசாகக் கொடுத்திருந்தார். அந்தப் பேரும் வேண்டும், பணமும் வேண்டும் என்று இவர்கள் நினைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

சப்பீராள் வந்தது, அனனியா செத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து. இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று பேதுரு அவளிடம் நேராகவே கேட்கிறார். உண்மையைச் சொல்ல ஒரு வாசல் திறந்தது. அவள் "ஆம், இவ்வளவுக்குத்தான்" என்றாள். எப்போது வாசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துப்போகும்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அம்மா உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு, மருந்துக்கு வைத்திருந்த 200 ரிங்கிட்டை எடுத்துக் காணிக்கைக் கவரில் போடப் பார்த்தார். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள் அண்ணா.